பச்ச உடம்புக்காரிக்கு ஒரு சொம்பு தண்ணி

எழுதி ரொம்ப நாளாச்சு. கடையில கணக்கு முடிக்கவே ராத்திரி பத்தாயிடுது, அப்புறம் எங்க பதிவு எழுத? ஆனா இன்னைக்கு எழுதாம தூங்க முடியாது. அவ்வளவு கடுப்புல இருக்கேன். மொக்கையா இருந்தாலும் முழுசா படிச்சிருங்க, முக்கியமா வீட்டுல பேறுகாலம் வச்சிருக்கிறவங்க.

போன வாரம் எங்க தெருவுல ஒரு பிள்ளை தலைப்பிரசவம் முடிஞ்சு ஆஸ்பத்திரியில இருந்து வந்திருந்துச்சு. பார்க்கப் போனோம். ஏரல் வெயிலைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. தாமிரபரணி பக்கத்துல ஓடுதுன்னு பேரு, ஆத்தங்காத்து தெருவுக்குள்ள எட்டிப் பார்க்காது. அந்த வெயில்ல ஜன்னல் கதவு எல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சாம்பிராணி போட்டு, காதுல பஞ்சு வச்சு அந்தப் பிள்ளையைப் படுக்க வச்சிருக்காங்க. உதடு வெடிச்சுக் கிடக்கு. என் வீட்டுக்காரி பக்கத்துல உட்கார்ந்ததும் அது மெதுவா, "மயினி, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாங்களேன், யாருக்கும் தெரியாம" அப்படின்னு கேட்டிருக்கு.

தண்ணியைத் திருடிக் குடிக்கணும்! சொந்த வீட்டுல! அதுவும் தாமிரபரணிக் கரையில!

நான் அந்த வீட்டுப் பெரியம்மாகிட்ட சொன்னேன், "பெரியம்மா, பிள்ளைக்குத் தாராளமா தண்ணி கொடுங்க." உடனே அவங்க, "பச்ச உடம்புக்காரிக்குத் தண்ணி கொடுத்தா வயிறு ஊதிரும்லே. பிள்ளைக்குச் சளி பிடிக்கும். நெஞ்ச நனைக்க மட்டும் கொடுத்தாப் போதும். நீ என்ன டாக்டரால?"

இல்லை பெரியம்மா. நான் டாக்டர் இல்லை. பாத்திரக்கடையில கணக்கு எழுதுறவன். ஆனா இந்த ஒரு விஷயத்துல எங்க வீடு கொடுத்த விலை எனக்குத் தெரியும். அங்க சொல்ல முடியாததை இங்க சொல்லிடறேன்.

*

2014 சித்திரை. என் தங்கச்சி பேறுகாலத்துக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தா. சுகப்பிரசவம், ஆம்பளைப் பிள்ளை. மூணாம் நாள் வீட்டுக்கு வந்தாச்சு. அதுக்கப்புறம் ராஜ்ஜியம் எங்க ஆச்சி கையில. ஆச்சி கெட்டவங்க இல்லை. ஏழு பிள்ளை பெத்தவங்க. விடியக்காலம் எந்திரிச்சு உளுந்தங்களி கிண்டி, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு ஊட்டி விடுவாங்க. பூண்டு லேகியம் அவங்க கையாலயே கிளறுவாங்க. ஆனா தண்ணி மட்டும் கிடையாது. ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர் சுக்குத் தண்ணி, அதுவும் மடக்கு மடக்கா. கேட்டா, "நாங்க எல்லாம் இப்படித்தான் பெத்தோம்."

ஒன்பதாம் நாள் தலைவலின்னா. "தலையில நீர் கோத்திருக்கு"ன்னு ஆச்சி சுக்குப் பத்து போட்டு, இருந்த ரெண்டு டம்ளரையும் ஒண்ணாக்கிட்டாங்க. பதினொண்ணாம் நாள் வாந்தி. கண்ணு மங்கலா தெரியுதுன்னா. ராத்திரி தூக்கமில்லாததுனாலன்னு நாங்க நினைச்சோம். பன்னெண்டாம் நாள் காலையில டம்ளரை எடுக்கப் போனவளுக்கு வலது கையில பிடி இல்லை, டம்ளர் நழுவி விழுந்துச்சு. என்னன்னு பார்க்கிறதுக்குள்ள வலிப்பு.

வீட்டுல ஒரே கூச்சல். ஒருத்தர் பிரசவ ஜன்னிங்கிறாங்க. இன்னொருத்தர் திருநீறு போட ஆள் கூட்டிட்டு வரப் போயிட்டார். நல்லவேளை, என் மச்சான் யாரையும் கேட்காம கார் பிடிச்சுட்டார். திருநெல்வேலி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல. அந்த ஒரு மணி நேரத்தைப் பத்தி எழுத எனக்குத் தெம்பில்லை, விட்டுடறேன்.

ஸ்கேன் எடுத்துட்டு டாக்டர் கூப்பிட்டார். "மூளையில இருந்து இரத்தத்தைத் திரும்ப எடுத்துட்டுப் போற சிரை அடைச்சுருக்கு. உள்ள இரத்தம் உறைஞ்சு கட்டியாயிடுச்சு. சாக்கடை அடைச்சா தெருவுல தண்ணி தேங்கும்ல, அந்த மாதிரி மூளையில இரத்தம் தேங்கி வீங்கி, ஒரு இடத்துல கசிஞ்சும் இருக்கு. ஹெப்பாரின் ஊசி ஆரம்பிக்கிறோம்."

எங்க மாமா சும்மா இருப்பாரா? "சார், இரத்தம் கசிஞ்சிருக்குன்னு நீங்களே சொல்லுதிய. பெறகு இரத்தத்தை உறையவிடாம பண்ணுற ஊசியைப் போடுதிய. அது எப்படி சார்?"

நியாயமான கேள்விதானே? அந்த டாக்டர் கோவிச்சுக்காம, ஸ்கேன் கவருக்குப் பின்னாடி படம் வரைஞ்சு காட்டினார். அன்னைக்கு ஆரம்பிச்சதுதான், இந்த இரத்தம் உறையற மேட்டரைத் தேடித்தேடி படிக்கிற பழக்கம். படிச்சதுல எனக்குப் புரிஞ்சதை உங்களுக்கும் சொல்றேன்.

*

இரத்தம் ஏன் உறையுதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். கையில வெட்டுப்பட்டா இரத்தம் நிக்கணும், அதுக்காக. த்ராம்பின்னு ஒரு நொதி. அதுதான் இரத்தத்துல கரைஞ்சிருக்கிற ஃபைப்ரினோஜனை நூல் நூலா மாத்தி வலை பின்னுது. இது பத்தாம் கிளாஸ் பாடம்.

நான் யோசிக்காம விட்ட கேள்வி வேற. இரத்தம் ஏன் உறையாம இருக்கு? ஒரு இடத்துல உறைய ஆரம்பிச்சா அது ஏன் அந்த இடத்தோட நிக்குது? விரல்ல ஆரம்பிச்சது ஏன் தோள் வரைக்கும் போகலை?

ஏன்னா அதைத் தடுக்கிறதுக்குன்னே உடம்புக்குள்ள ஆள் போட்டு வச்சிருக்கு. முக்கியமா மூணு பேர்.

முதல் ஆள் ஆன்டித்ராம்பின். கல்லீரல்ல உற்பத்தி. சுத்திட்டே இருந்து, த்ராம்பினைக் கண்டா கட்டிப் பிடிச்சு செயலிழக்க வச்சிடும். இது பரம்பரையா குறைஞ்சுபோன ஒரு குடும்பத்தை 1965ல நார்வே நாட்டுல எகபெர்க்ங்கிற டாக்டர் கண்டுபிடிச்சு எழுதினார். அந்தக் குடும்பத்துல பல பேருக்குச் சிரையில இரத்தம் உறையற தொந்தரவு.

ரெண்டாவது புரோட்டீன் சி. இது ஏன் "சி"ன்னு கேட்டா சிரிப்பீங்க. 1976ல ஸ்டென்ஃப்ளோன்னு ஒரு ஸ்வீடன்காரர் பிரிச்செடுக்கும்போது ஏ, பி, சின்னு வரிசையா வந்ததுல மூணாவதா வந்துச்சாம். அவ்வளவுதான் காரணம். மூணாவது புரோட்டீன் எஸ், புரோட்டீன் சிக்கு எடுபிடி. அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல கண்டுபிடிச்சதால "எஸ்". நம்ம ஏரல்ல கண்டுபிடிச்சிருந்தா புரோட்டீன் ஏ-ன்னு வச்சிருப்பாங்க போல :-)

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. புரோட்டீன் சி சும்மா தூங்கிட்டு இருக்கும். அதை எழுப்பி விடுறது யாருன்னு நினைக்கிறீங்க? அதே த்ராம்பின்! இரத்தக்குழாயோட உள்சுவர்ல த்ராம்போமாடுலின்னு ஒண்ணு ஒட்டிட்டு இருக்கும். காயம்பட்ட இடத்தைத் தாண்டி த்ராம்பின் நல்ல சுவர் பக்கம் வந்தா, இந்த த்ராம்போமாடுலின் பிடிச்சுக்கும். பிடிச்ச உடனே த்ராம்பின் கட்சி மாறிடும். உறைய வைக்கிற வேலையை விட்டுட்டு, புரோட்டீன் சியை எழுப்பி விட்டுடும். எழுந்த புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ்ஸைக் கூட்டிக்கிட்டுப் போய் ஐந்தாம் காரணி, எட்டாம் காரணி ரெண்டையும் வெட்டிப் போட்டுடும். உறையற வேலை அந்த இடத்தோட நின்னுடும்.

எங்க ஊர்க்காரனுக்கு இது சுலபமா புரியும். ஸ்ரீவைகுண்டம்தான் தாமிரபரணியோட கடைசி அணை. அங்கிருந்து வடகால், தென்கால்னு பிரியுது. தண்ணி வேணும், ஆனா மடைக்குள்ள வேணும். 2023 டிசம்பர் 17, 18ல என்னாச்சு? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செண்டிமீட்டர் மழை. ஆறு கரை தாண்டி வந்து, பாலத்தை ஒட்டின ரோட்டை அடிச்சுட்டுப் போயி, ஏரல் தனித்தீவா கிடந்துச்சு. எங்க கடையில அண்டாவும் குத்துப்போணியும் மிதந்துச்சு. அதே தண்ணிதான், கரை இல்லைன்னா வேற சங்கதி. இரத்தம் உறையறதும் அப்படித்தான். இந்த மூணு பேரும் அதுக்குக் கரை.

சரி, எங்க மாமா கேள்விக்கு வருவோம். ஹெப்பாரின் தானா எதையும் கரைக்கிறது இல்லை. அது நம்ம உடம்புல ஏற்கெனவே இருக்கிற ஆன்டித்ராம்பினை முடுக்கி விடுது, சுமார் ஆயிரம் மடங்கு வேகமா. அடைப்பு மேல வளராம நின்னா, பழைய கட்டியை உடம்பே பிளாஸ்மின்னு இன்னொரு ஆளை வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுக்கும். தேங்கின இரத்தம் வடிய வழி கிடைச்சா கசிவும் நிக்கும். கசியறதே அடைப்புனாலதான், அதனால அடைப்புக்குத்தான் வைத்தியம். 1991ல ஜெர்மனியில 20 நோயாளிகளை வச்சுப் பண்ணின ஆராய்ச்சி இது. ஹெப்பாரின் போட்ட பத்துப் பேர்ல ஒருத்தரும் சாகலை. போடாத பத்துப் பேர்ல மூணு பேர் இறந்துட்டாங்க. மூளைக்குள்ள கசிவு இருந்தவங்களுக்கும் பலன் கிடைச்சுது.

அந்த ஹெப்பாரின் கதையும் தமாஷ்தான். 1916ல அமெரிக்காவுல ஜே மெக்ளீன்னு ஒரு மருத்துவ மாணவர், இரத்தத்தை உறைய வைக்கிற பொருளைத் தேடிட்டு இருந்தார். நாய் ஈரல்ல இருந்து எடுத்த பொருள் நேர் எதிரா, உறையாம பண்ணிடுச்சு. தேடினது ஒண்ணு, கிடைச்சது ஒண்ணு. அதுதான் நூறு வருஷம் கழிச்சும் என் தங்கச்சி கையில ஏறிட்டு இருந்துச்சு. இப்ப பன்றிக்குடல்ல இருந்து எடுக்கிறாங்க. (இதை ஆச்சிகிட்ட இன்னும் சொல்லலை. நீங்களும் சொல்லிடாதீங்க.)

*

இப்ப முக்கியமான இடம். பிள்ளை பெத்தவளுக்கு மட்டும் ஏன் இது?

கர்ப்பம் ஆனதுமே உடம்பு பிரசவத்துக்குத் தயாராகுது. பிரசவத்துல பெரிய ஆபத்து இரத்தப்போக்கு. அதனால உறைய வைக்கிற காரணிகளைக் கூட்டிக்கிட்டே போகும். ஃபைப்ரினோஜன் கூடும், எட்டாம் காரணி கூடும். அதே சமயம் தடுக்கிற ஆள்ல புரோட்டீன் எஸ்ஸைக் குறைச்சிடும். சாதாரண நாள்ல இருக்கிறதுல கிட்டத்தட்ட பாதிக்கு இறங்கிடும். வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி மணல் மூட்டை அடுக்குற மாதிரி. நல்ல ஏற்பாடுதான். ஆனா பிரசவம் முடிஞ்ச மறுநாளே மூட்டையை எல்லாம் எடுத்துட முடியாது. பழைய நிலைக்கு வர ஆறு வாரமாவது ஆகும். அந்த ஆறு வாரந்தான் இரத்தம் தேவையில்லாத இடத்துல உறையறதுக்கு ரொம்ப ஆபத்தான காலம்.

அந்த ஆறு வாரத்துலதான் நாம தண்ணியை நிறுத்துறோம். கதவைச் சாத்தி, வேர்க்க விட்டு, அசையாம படுக்க வச்சு, ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை பால் கொடுக்கிறவளுக்கு ரெண்டு டம்ளர் தண்ணி! இரத்தம் கெட்டிப்படாம என்ன செய்யும்?

இது என் கண்டுபிடிப்பு இல்லை மக்களே. நம்ம மதுரையில கே.சீனிவாசன்னு ஒரு நரம்பியல் மருத்துவர், கர்ப்பத்திலயும் பிரசவத்துக்குப் பின்னாடியும் மூளை இரத்தக்குழாய் அடைச்ச 135 பெண்களைப் பத்தி 1983லேயே "ஆஞ்சியாலஜி"ங்கிற மருத்துவ இதழ்ல எழுதியிருக்கார். 135 பேர்! அந்தக் காலத்துல மேல்நாட்டு டாக்டர்களுக்கு இது அபூர்வ நோய். நம்ம மதுரையில வார்டு நிறைய. பிரசவத்துக்கு அப்புறம் தண்ணியைக் குறைக்கிற பழக்கமும், இரத்தசோகையும் இதுக்குத் துணை போகுதுன்னு நம்ம நாட்டு நரம்பியல்காரங்க பல பேர் எழுதியிருக்காங்க. பெங்களூர் நிம்ஹான்ஸ்லயும் இந்தத் தாய்மார்களை வச்சே ஹெப்பாரின் ஆராய்ச்சி நடந்திருக்கு. அவங்க கண்டதுக்கு நாப்பது வருஷத்துக்கு மேலாச்சு. அது இன்னும் எங்க தெருவுக்கு வந்து சேரலை, அதுதான் என் ஆத்திரம்.

எங்க ஆச்சி ஒரு கதை சொல்லுவாங்க. அவங்க கூடப்பிறந்த அக்கா, பிள்ளை பெத்த பதினஞ்சாம் நாள் ஜன்னி கண்டு செத்துட்டாங்களாம். "தலைவலி தலைவலின்னு கத்துனா. கை விளங்கலை. பெறகு வெட்டிவெட்டி இழுத்துச்சு. பேய் அடிச்சுட்டுன்னாவ." சின்ன வயசுல இருந்து கேட்ட கதை. தங்கச்சி ஆஸ்பத்திரியில கிடக்கும்போதுதான் எனக்கு உறைச்சுது. தலைவலி, கை விளங்காம போனது, வலிப்பு. அதே வரிசை. அது என்னன்னு இனிமே யாரும் ஸ்கேன் எடுத்துச் சொல்ல முடியாது. பிரசவ ஜன்னின்னு சொன்னதுல காய்ச்சல், இரத்தக்கொதிப்பு, எல்லாம் கலந்துதான் இருந்திருக்கும். ஆனா அதுல எத்தனை பேர் தாகத்தோட செத்தாங்களோ?

எங்க பக்கம் ரோட்டோரத்துல சுமைதாங்கிக் கல் இருக்கும், பார்த்திருப்பீங்க. வயித்துப் பிள்ளையோட செத்துப்போன பொம்பளைங்க நினைவா நட்டது. இறக்கி வைக்க முடியாத சுமையோட போனவளுக்காக, வழிப்போக்கர்கள் சுமையை இறக்கி வைக்கட்டும்னு நட்ட கல்லு. பிள்ளை பெத்தபிறகு பச்ச உடம்போட போனவங்களுக்கு அந்தக் கல்லும் இல்லை.

*

தங்கச்சி பிழைச்சுட்டா. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. கை மூணு மாசத்துல சரியாச்சு. அப்பாடான்னு இருந்தா, அடுத்த ஏழரை ஒரு காகிதத்துல வந்துச்சு.

படுக்கையில இருந்த மூணாம் நாளே யாரோ எழுதிக் கொடுக்க, ஒரு லேப்ல இரத்தம் எடுத்து புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் டெஸ்ட் பண்ணியிருக்காங்க. எந்த லேப்னு கேட்காதீங்க. "புரோட்டீன் எஸ் குறைவு"ன்னு சிவப்புல போட்டு வந்துச்சு. ஏன் குறைவுன்னு யாரும் சொல்லலை. வார்டுல நின்ன சொந்தக்காரர் ஒருத்தர், "பரம்பரை இரத்தக் கோளாறாம்ல"ன்னு ஊர் பூரா சொல்லியாச்சு.

அப்ப என் சின்னத் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துட்டு இருந்தோம். பேசி முடிக்கிற நிலையில இருந்த இடம் பின்வாங்கிட்டாங்க. காரணம் சொல்லலை, ஆனா தெரியாதா? பெரியவளோட மாமியார் வீட்லயும் முணுமுணுப்பு. ஆறு மாசம் எங்க அம்மா கோயிலுக்குக்கூட போகலை. யாராவது கேட்டுடுவாங்களோன்னு.

நடுவுல இன்னொரு தடவை டெஸ்ட் பண்ணினோம். இந்தத் தடவை சியும் குறைவு, எஸ்ஸும் குறைவு! வீட்டுல அழுகை. அந்தக் காகிதத்தைப் பழைய டாக்டர்கிட்ட கொண்டு போனப்போ தலையில அடிச்சுக்கிட்டார். "பிரசவம் ஆன புதுசுல புரோட்டீன் எஸ் எல்லாருக்கும் குறைவாத்தான் இருக்கும். இப்ப அசிட்ராம் மாத்திரை சாப்பிடறா. அந்த மாத்திரை வைட்டமின் கேயைத் தடுத்துத்தான் வேலை செய்யுது. சி, எஸ் ரெண்டும் வைட்டமின் கே இருந்தாத்தான் உருவாகும். அப்ப குறையாம என்ன செய்யும்? கையைக் கட்டிப்போட்டுட்டு பரீட்சை எழுதச் சொல்லி, ஃபெயில்னு சொல்ற மாதிரி இருக்கு."

ஆறு மாசம் மாத்திரை முடிச்சு, நிறுத்தி, இன்னும் சில வாரம் கழிச்சு மறுபடி டெஸ்ட். எல்லாம் நார்மல். நார்மல்! ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்குப் பரம்பரை நோய்னு பேர் வச்சு, அவ தங்கச்சி கல்யாணத்தையும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டாச்சு. (சின்னவளுக்கு அப்புறம் நல்ல இடமா அமைஞ்சுது, அது தனிக்கதை.)

நிஜமாவே பரம்பரைக் குறை இருக்கிற குடும்பங்கள் இருக்கு, அதை மறுக்கலை. நம்ம பக்கம் மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள்னு சொந்தத்துலயே முடிக்கிறோம். ரெண்டு பக்கமும் புரோட்டீன் சி குறை இருந்து பிள்ளைக்கு ரெண்டும் சேர்ந்து வந்துட்டா, பிறந்த சில நாள்லயே தோல் கறுத்துப் போற பயங்கரமான நிலைமை வரும். ரொம்ப அபூர்வம், ஆனா இருக்கு. அதனால டெஸ்ட் வேணாம்னு சொல்லலை. சரியான நேரத்துல பண்ணுங்கன்னுதான் சொல்றேன். கட்டி புதுசா இருக்கும்போது, கர்ப்பத்துல, பிரசவம் ஆன சூட்டுல, அசிட்ராம், வார்ஃபரின் சாப்பிடும்போது வர்ற ரிசல்ட்டை வச்சு ஒரு பிள்ளை நெத்தியில முத்திரை குத்தாதீங்க. காகிதம் வந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, சொந்தக்காரன்கிட்ட காட்டாதீங்க.

*

இன்னொண்ணும் சொல்லிடறேன். இது நம்ம பெண் பதிவர்களுக்கு. திட்டாதீங்க.

கோயில் கொடை வந்தா, திருச்செந்தூர் சூரசம்ஹாரம் வந்தா, வீட்டுல விசேஷம் வந்தா, நாள் தள்ளிப்போக மாத்திரை. மெடிக்கல்ல சீட்டு இல்லாமலே கிடைக்குது. சில பேர் கர்ப்பத்தடை மாத்திரையையே இதுக்குப் போடறாங்க. அதுல இருக்கிற ஈஸ்ட்ரோஜன், கர்ப்பம் பண்ணுற அதே வேலையைத்தான் பண்ணும். உறைய வைக்கிறதைக் கூட்டும், புரோட்டீன் எஸ்ஸைக் குறைக்கும். நாரெத்திஸ்டிரோன் மாத்திரையிலயும், அதிக அளவுல போட்டா, ஒரு பங்கு உடம்புக்குள்ள போய் ஈஸ்ட்ரோஜனா மாறும். அதுகூட விரதம், வெயில்ல வரிசை, தண்ணி குடிக்காம நிக்கிறது. ஹைதராபாத் நிஸாம் மருத்துவமனையில மூளைச் சிரை அடைச்ச 428 பேரைப் பத்தி 2012ல வெளியான ஆய்வுல, பிரசவத்தால வந்தவங்க 10 சதவீதத்துக்கும் குறைவு. மாத்திரை சம்பந்தப்பட்டவங்க 11 சதவீதத்துக்கு மேல. அதாவது பிரசவத்தை மாத்திரை முந்திடுச்சு. ஆம்பளைங்க ரொம்ப சந்தோஷப்படாதீங்க. அந்த 428ல பாதிக்கு மேல ஆண்கள்தான், குடியும் ஒரு முக்கிய காரணம்.

பெரும்பாலான பெண்களுக்கு மாத்திரையால ஒண்ணும் ஆகாதுங்கிறதும் உண்மைதான். ஆனா தலைவலி அடிக்கடி வருது, குடும்பத்துல யாருக்கோ கால் சிரையில இரத்தம் உறைஞ்சிருக்கு, இப்பதான் பிள்ளை பெத்திருக்கேன்னா, டாக்டரைக் கேட்காம மெடிக்கல் கடைக்காரரைக் கேட்காதீங்க. அம்மன் மூணு நாள் கழிச்சு வந்தா கோவிச்சுக்க மாட்டா.

*

"நம்ம முன்னோர்கள் என்ன முட்டாளா?"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். முட்டாள்னு நான் சொல்லவே இல்லை. ஆத்துத் தண்ணியையும் கிணத்துத் தண்ணியையும் அப்படியே குடிச்ச காலத்துல, பிள்ளை பெத்தவளுக்குக் கண்ட தண்ணியையும் கொடுக்காதேன்னு சொன்னதுல அர்த்தம் இருந்திருக்கலாம்னு எனக்குத் தோணுது. வாந்திபேதி வந்தா அவ தாங்க மாட்டா. "கண்ட தண்ணி கொடுக்காதே"ங்கிறது எங்கேயோ "தண்ணி கொடுக்காதே"ன்னு சுருங்கிடுச்சோ என்னவோ. காரணம் போயிடுச்சு, தடை மட்டும் நிக்குது. உளுந்தங்களி கொடுங்க, பூண்டு லேகியம் கொடுங்க, கருப்பட்டி கொடுங்க. சுக்குப் போட்டு ஓமம் போட்டுக் காய்ச்சுங்க. எதையும் நான் வேணாம்னு சொல்லலை. அளவை மட்டும் கூட்டுங்க. தாகம்னு கேட்டா கொடுங்க. பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம் பக்கத்துல ஒரு டம்ளர் வைங்க. இதய நோய், சிறுநீரகக் கோளாறு, கர்ப்ப கால இரத்தக்கொதிப்புன்னு டாக்டரே தண்ணியை அளந்து கொடுக்கச் சொன்னா மட்டும் அவர் சொல்றபடி.

தண்ணி குடிச்சுட்டா இந்த நோய் வரவே வராதுன்னும் சொல்லமாட்டேன். தாராளமா தண்ணி குடிச்சவளுக்கும் வரலாம். பல காரணம் ஒண்ணு சேர்ந்து வர்றது இது. மத்த காரணம் எல்லாம் நம்ம கையில இல்லை. புரோட்டீன் எஸ்ஸை நம்மால ஏத்த முடியாது. தண்ணி நம்ம கையில இருக்கு. ஜன்னலைத் திறக்கிறதும், மெதுவா எழுந்து நடக்க விடறதும் நம்ம கையில இருக்கு.

இன்னைக்குத் தமிழ்நாட்டுல 99 சதவீதத்துக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியிலதான். அங்க ரெண்டு மூணு நாள். அதுக்கப்புறம் ஆறு வாரம் நம்ம வீட்டு இருட்டறையில. டிஸ்சார்ஜ் பண்ணும்போது தடுப்பூசி அட்டையோட ஒரு வார்த்தை, "அம்மாவுக்குத் தாராளமா தண்ணி கொடுங்க"ன்னு, பிள்ளைகிட்ட இல்லை, கூட நிக்கிற ஆச்சிகிட்ட சொல்லணும். முடிவு எடுக்கிறது அவங்கதானே. ஆறு வாரத்துக்குள்ள நாளுக்கு நாள் கூடற தலைவலி, வாந்தி, கண் மங்கல், கை கால் பலமில்லாம போறது, வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கறது, திடீர் மூச்சுத்திணறல், இதுல எது வந்தாலும் பத்துப் போடாதீங்க, திருநீறு போட்டுட்டே காரைப் பிடிங்க.

2018ல தங்கச்சிக்கு ரெண்டாவது பேறுகாலம். டாக்டர் மேற்பார்வையில கர்ப்பம் பூரா வயித்துல ஹெப்பாரின் வகை ஊசி, பிள்ளை பிறந்த பிறகும் ஆறு வாரம். அப்பவும் ஆச்சிதான் கூட இருந்தாங்க. உளுந்தங்களி, லேகியம் எல்லாம் அப்படியே. கட்டிலுக்குப் பக்கத்துல மட்டும் ஒரு பித்தளைச் சொம்பு, எங்க கடையில இருந்து நான் எடுத்துட்டு வந்தது. அது காலியாக விடமாட்டாங்க. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு மெதுவா கேட்டாங்க, "ஏல, எங்க அக்காவுக்கும் அப்பம் தண்ணி கொடுத்திருந்தா பிழைச்சிருப்பாளோ?"

தெரியலை ஆச்சின்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

நாளைக்கு மறுபடி அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போகப் போறேன். இந்தத் தடவை தனியா இல்லை, ஆச்சியைக் கூட்டிக்கிட்டு. நான் சொன்னா கேட்கமாட்டாங்க, ஆச்சி சொன்னா கேட்பாங்க.

உங்க ஊர்ல எப்படி? பச்ச உடம்புக்குத் தண்ணி உண்டா இல்லையா? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்கிறதை மறுபடி சொல்லிக்கிறேன். பதிவுலக டாக்டர்கள் யாராவது படிச்சா, தப்பு இருந்தா குட்டுங்க, திருத்திக்கிறேன். மாத்திரை, ஊசி விஷயத்துல என் பேச்சைக் கேட்காதீங்க. தண்ணி விஷயத்துல மட்டும் கேளுங்க.